வளைவுக்கு ஒரு சொல்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீச்சரம்மாவின் ஞாபகம் வந்துவிடுகிறது. தலைக்கு மேல் விளக்கு எரிந்ததும் 'இது சஸ்பென்ஸ்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். தட்டில் ஊசி கண்ணில் பட்டால் 'இது ஃபோர்ஷேடோயிங்'. பின்னால் வரப்போவதை முன்னாலேயே கோடி காட்டுவதற்கு ஆங்கில இலக்கியத்தில் வைத்திருக்கும் பெயர் அது. பெயர் சொன்னதால் வலி குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் பயம் சற்று நகர்ந்து உட்கார்ந்து, நமக்கும் கொஞ்சம் இடம் விடும்.

இந்த வைத்தியம் அவருடையது. நான் வெறும் நோயாளி.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு வங்கிக் கிளைக்கு என்னை மாற்றினார்கள். வீடு சேலத்தில். காலையில் மலையேறி மாலையில் இறங்குகிற உத்தியோகம். நடுவில் கொஞ்சம் கையெழுத்தும் உண்டு. முதல் நாள் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. பெண்கள் இருக்கைக்கு நேர்பின்னால் ஒரு ஜன்னலோரம் மட்டும் யாரும் சீண்டாமல் காலியாக இருந்தது. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு உட்கார்ந்தேன். முன்சீட்டில் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் ஓர் அம்மாள், நாற்பது வயதிருக்கும், உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அடிவாரம் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். அதிர்ஷ்டம் காற்றோடு வந்து என் சட்டையில் இறங்கியது.

கண்டக்டர் பழைய செய்தித்தாளை நீட்டிய வேகத்தைப் பார்த்தால் இது முதல் சட்டை அல்ல என்று தெரிந்தது. அந்த அம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"மன்னிச்சுக்குங்க சார். ஜன்னல் சீட்டு கெடச்சுதுன்னு சந்தோசப்பட்டுட்டு உக்காந்தீங்கல்ல? நெனச்சதுக்கு நேர்மாறா நடக்கற இதுக்கு ஐரனின்னு பேருங்க."

மன்னிப்புக் கேட்கும்போதே இலக்கணம் சொன்ன ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு விஷயம் தெரிந்தது. அவர் மலைமேல் ஓர் ஆங்கிலப் பள்ளியில் வேலை பார்க்கிறார். தபால் வழியில் ஆங்கில எம்.ஏ. முடித்தவர். மலை ரோடு மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் தலைசுற்றலும் குமட்டலும். உடம்பில் என்னமோ ஏதோ என்று பயந்துபோய் டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் 'மோஷன் சிக்னஸ்' என்று இரண்டே வார்த்தை சொன்னார்.

"மாத்திரை வாங்கறதுக்கு முந்தியே பாதி சரியாப்போச்சுங்க சார்," என்றார். "பேரு தெரியாத ஒண்ணுதானுங்க வயித்தப் பொரட்டும்."

மீதிப் பாதிக்கு அவரே வைத்தியம் கண்டுபிடித்தார். கீழேயிருந்து மேலே இருபது வளைவு, பஸ்காரர்கள் பாஷையில் 'பெண்டு'. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை உண்டு. ஒரு வளைவுக்கு ஓர் இலக்கியச் சொல் என்று வைத்துக்கொண்டு, பஸ் திரும்பும்போது அந்தச் சொல்லையும் அதன் பொருளையும் ஓர் உதாரணத்தையும் வாய்விட்டுச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் வளைவு முடிந்துவிடும். எலுமிச்சம்பழம் சும்மா துணைக்கு. என் சட்டை பலியான காலத்தில் அவரிடம் இரண்டு வளைவுகளுக்குத்தான் சொல் இருந்தது. மூன்றாவது காலி. மிச்சப் பதினெட்டையும் நிரப்புவதில் எனக்கு அன்றிலிருந்து தனிப்பட்ட அக்கறை பிறந்தது. மூக்குக்கண்ணாடியும் மடியில் ஒரு தடித்த நாவலும் இருந்ததால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று பஸ்ஸில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆறு மாதமாக அதே நாவல்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவர் சொல்வதை நான் செல்போன் அகராதியில் சரிபார்த்துத் தலையாட்டுவேன். சிக்னல் போனபின்பும் தலையாட்டுவேன்.

உதாரணங்களை அவர் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. எங்களிடமிருந்து எடுத்தார்.

கண்டக்டர் ஒருநாள் கத்தினார்: "ஏனுங்க, ஆயிரம் தடவ சொல்லிட்டனுங்க, படிக்கட்டுல நிக்காதீங்கன்னு!"

"ஹைப்பர்போலி," என்றார் டீச்சரம்மா.

கண்டக்டரின் முகம் வாடிவிட்டது. "டீச்சரம்மா, திட்டறதுன்னா தமிழ்ல திட்டிப்போடுங்க. வெளங்காத பாசைல திட்டுனா ஊட்டுக்குப் போயும் மனசுக்குள்ளயே ஓடுமுங்க."

"திட்டலீங்க. பெருசுபடுத்திச் சொல்றதுக்குப் பேரு அது. நாலாம் பெண்டு இனி உங்களுதுங்க."

மலைப்பாதையில் சொந்தமாக ஒரு வளைவு கிடைத்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமை. நாலாவது வந்தால் ஒரு குட்டி விசில் கூடுதலாகக் கொடுப்பார்.

ஏழாவது, ரைட்டருக்கு. எங்கள் பஸ்ஸில் ரைட்டர் என்பவர் தலைச்சோலைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவர். பத்திரிகைகளில் நாலு கட்டுரை எழுதியிருந்த என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. ரைட்டர் என்றால் தினமும் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். மேகம் இறங்கிய ஒரு காலையில் அவர், "இன்னிக்கு மலையே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்குதுங்க," என்று பெருமூச்சு விட்டார்.

"சண்டை உங்க ஊட்டுல. மலை ஏனுங்க மூஞ்சியத் தூக்கோணும்?" என்றார் டீச்சரம்மா. "நம்ம மனசத் தூக்கி மலைமேல வெக்கறதுக்கு பேத்தெடிக் ஃபாலசின்னு பேருங்க."

ரைட்டர் அதை மனப்பாடம் செய்துகொண்டார். சில நாள் கழித்து எஸ்டேட் மேனேஜருக்குப் போன் போட்டு, "சார், மேல பேத்தெடிக் ஃபாலசி ஜாஸ்திங்க, ஆளு நொம்பக் கொறச்சல்," என்றிருக்கிறார். மேனேஜர் பதறிப்போய், "மிளகுலயா காப்பியிலயா? உடனே மருந்து அடிக்கச் சொல்லு," என்றாராம்.

பதின்மூன்றாவது எனக்கு. முடிவெட்டிக்கொண்டு வந்த நாளில், "நெற்றி கொஞ்சம் அகலமாகிட்டு வருது," என்று அடக்கமாகச் சொன்னேன். "சார், அது வழுக்கைங்க. நீங்க பூசிமெழுகிச் சொன்னது யூஃபெமிசம்," என்றார். பெண்கள் இருக்கைகள் வரிசையாகக் குலுங்கின.

பதினொன்றாவது கிடைத்த கதை வேறு. ஒருநாள் டீச்சரம்மா தன் டப்பாவிலிருந்து புளிச்சோற்றை ரைட்டருக்குக் கொடுத்து, "எப்படிங்க இருக்குது?" என்றார். ரைட்டர் நிதானமாக மென்று, "மோசமில்லீங்க," என்றார். டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. கருக்கலில் எழுந்து கிளறிய சோறு. கண்டக்டர்தான் சமாதானம் செய்தார்.

"டீச்சரம்மா, அவரு கண்ணாலத்துக்குப் பொண்ணு பாத்துட்டு வந்து சொன்னதே அதானுங்க. இந்தப் பக்கத்துல அதுக்கு மேல பாராட்டு கெடையாது."

அன்றைக்கு லைட்டோட்டீஸ் பதினொன்றாம் வளைவில் குடியேறியது. ஒன்றை மெச்ச வேண்டுமானால் அதை மெச்சாமல், அதன் எதிர்ப்பதத்தை எடுத்து இல்லையென்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது. அந்த வளைவில் பஸ் எங்கள் எல்லோரையும் இடப்பக்கம் சாய்த்துத் தள்ளும். ஆனால் டீச்சரம்மா வாயில் மட்டும் அந்த ரகப் பேச்சு வராது. அவர் பெரிசுபடுத்திப் பேசுகிற நாலாம் வளைவின் ஆள். பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் டிராஜடி. டீயில் சர்க்கரை குறைந்தால் அதற்கும் மேலே, கேட்டாஸ்ட்ரஃபி.

பதினாறாவது அவருக்கு மிகக் கஷ்டமான வளைவு. அங்கே அபோசியோபெசிஸ்: சொல்ல வந்ததை முடிக்காமல் நடுவிலேயே நிறுத்திவிடுவது. "சார், நேத்து ஹெட்மிஸ்ட்ரஸ் என்னையக் கூப்ட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்துவார். இலக்கிய உத்தியா, எலுமிச்சம்பழ விவகாரமா என்று தெரியாமல் நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொள்வேன். இருபதாவது, ஆன்ட்டி-கிளைமாக்ஸ். இத்தனை வளைவு சுற்றி மூச்சுத் திணற மேலே வந்தால் முதலில் கண்ணில் படுவது கட்டணக் கழிப்பறை என்பதால்.

பெயர்களை அவர் எப்போதும் நியாயமாகத்தான் வைத்தார் என்று சொல்ல முடியாது. மாரமங்கலத்து விவசாயி ஒருவரிடம், "உங்க பையன் நொம்ப லோகுவேஷியஸுங்க," என்றிருக்கிறார். அவர் பூரித்துப்போய் அடுத்த வாரம் ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்து கொடுத்தார். மாலை பஸ் முழுக்க மணம்.

"வாயாடின்னு சொல்லியிருந்தா பையன அடிச்சுப்போடுவாருங்க," என்றார் டீச்சரம்மா, சுளையை நீட்டியபடி. "இப்பப் பாருங்க, அவனுக்கும் அடி இல்ல, நமக்கும் பழம்."

இப்படி எல்லாவற்றுக்கும் பெயர் கண்டுபிடித்தவரின் சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்கு டீச்சரம்மா என்பது போதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குத்தான் போதவில்லை. அங்கே அவர் டீச்சரே அல்ல, ரிசர்வ். எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிற வேலை. கணக்கு வகுப்பில் கணக்கு தெரியாமலும், தையல் வகுப்பில் ஊசி இல்லாமலும் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு ஜூனிலும் வேலையை நீட்டிப்பார்கள்.

அந்த வருடம் நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ரிசர்வ் பதவியே கிடையாது. ஆங்கிலத்துக்கு நிரந்தரமாக ஓர் இடம் இருக்கிறது, இன்டர்வியூவுக்கு வந்து பாருங்கள் என்றார்கள். அஸ்தம்பட்டியில் டயர்க் கடை வைத்திருந்த அவர் கணவர், கிடைக்காவிட்டால் கடையில் வந்து உட்காரச் சொன்னார். கெட்ட மனுஷர் அல்ல. போகும்போது வாந்தி, வரும்போது தூக்கம், இது ஒரு வேலையா என்பது அவர் கட்சி.

மாலை பஸ்ஸில் எப்போதும் தூங்கிவிடுகிறவர் அந்த வாரம் தூங்கவில்லை.

"சார், இது ஒண்ணுக்கு மட்டும் பேரு கெடைக்க மாட்டீங்குதுங்க," என்றார் திரும்பாமலே.

"எதுக்குங்க?"

"ஆறு வருசமா எல்லாக் கிளாசுலயும் உக்காந்தாச்சு. ஒரு கிளாசும் நம்முளுது இல்ல. அதுக்கு."

செல்போன் அகராதியைத் திறந்தேன். சிக்னல் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன், அவர் பார்க்கவில்லை.

பள்ளியின் தாளாளருக்கு ஒரு வழக்கம் உண்டாம். ஆங்கிலத்துக்கு வருகிறவர்களிடம் இலக்கியச் சொற்களாகக் கேட்பார். பொருள் சொன்னால் போதாது, சொந்த உதாரணம் வேண்டும். புத்தகத்து உதாரணம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதைக் கேட்டதும் பஸ்ஸுக்கே தெம்பு வந்தது. உதாரணங்கள் எல்லாம் நாங்கள்தானே! டீச்சரம்மா சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் போய், குனிந்து குகைக்குள் நுழைந்து வேண்டிக்கொண்டு வந்தார். வந்தபின் ஒரு சந்தேகம்.

"சார், பதில் சொல்லாத ஒண்ணப் பாத்துப் பேசறது அப்பாஸ்ட்ரஃபிங்க. அப்ப சாமிகிட்டப் பேசறது?"

"அவர் கேக்கறாரா இல்லையாங்கறதப் பொறுத்துங்க."

"கேக்கறாருங்க. அப்ப அது டயலாக்." நிம்மதியாகிவிட்டார்.

இன்டர்வியூ அன்று காலை டீச்சரம்மா பட்டு விளிம்பு வைத்த சேலையில் வந்தார். முதல் நாள் சாயங்காலம் நல்ல கோடை மழை. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் வலப்பக்கம் திரும்பியது. கண்டக்டர் முன்னால் வந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்குங்க. ரோட்டுல பாறை உழுந்துருச்சு. இன்னிக்கு வண்டி குப்பனூர் வழிங்க."

மலைக்கு அது இன்னொரு பாதை, சுற்று அதிகம். எனக்கு ஆபீசுக்குத் தாமதமாகப் போக ஒரு நேர்மையான காரணம் கிடைத்தது என்று மகிழ்ந்தேன். முன்சீட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. டீச்சரம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"குப்பனூர் வழிங்களா?" என்றார். "அதுல என்னோட பெண்டு ஒண்ணுகூட இல்லீங்களே!"

சொற்கள் அவர் தலையில் இல்லை. ரோட்டில் இருந்தன. அந்த ரோட்டில் பாறை விழுந்து கிடந்தது.

முதல் வளைவு வந்தது, பெயரில்லாத வளைவு. எலுமிச்சம்பழம் மூக்குக்குப் போனது. நான் அனிச்சையாகச் செய்தித்தாளை விரித்தேன். அவர் அசையாமல், "சார், எல்லாம் போயிருச்சுங்க. ஹைப்பர்போலின்னா என்னன்னு..." என்று நிறுத்தினார். பாதியில் நிறுத்துகிற அந்தப் பதினாறாம் வளைவு, சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டது.

"டீச்சரம்மா, அது என்னோடதுங்க!" என்று கண்டக்டர் பாய்ந்து வந்தார். "ஆயிரம் தடவ! படிக்கட்டு! மறந்துட்டீங்களா?"

அவர் கண் கலங்கித் தலையாட்டினார்.

கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்தார். பதினைந்து வருடமாக அந்தப் பாதையில் விசில் ஊதியவர். "கண்ண மூடுங்க," என்றார். "இந்த ரோட்டப் பாக்காதீங்க. நம்ம ரோட்டுல நான் கூட்டிக்கிட்டுப் போறன். அஸ்தம்பட்டி... கோரிமேடு... அடிவாரம் வந்தாச்சு. செக்போஸ்ட். முதல் பெண்டு! எல்லாரும் வலப்பக்கம் சாயுங்க!"

சாய்ந்தோம். முதலில் ரைட்டர், பிறகு நான், பிறகு வழக்கமாக வருகிற எல்லோரும். குப்பனூர் ரோடு எங்களை ஒரு பக்கம் தள்ள, நாங்கள் இல்லாத ரோட்டின் தள்ளலுக்குத் தலைவணங்கி மறுபக்கம் சாய்ந்தோம். டீச்சரம்மா கண்ணை மூடியபடி முனகினார். ஒரு சொல் வந்தது. இரண்டாவது வந்தது. நாலாவதில் கண்டக்டரின் குட்டி விசில் கேட்டதும் ஹைப்பர்போலி கணீரென்று வந்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "யோவ், என்னய்யா பண்றீங்க? வண்டி ஒருக்களிச்சுப் போவுது!"

"நீங்க ஓட்டுங்கண்ணா, நாங்க வேற ரோட்டுல வந்துக்கிட்டிருக்கறோம்!"

ஏழாவதில் ரைட்டர் எழுந்து நின்று, "மூஞ்சியத் தூக்கி வெச்ச மலை, என்னுங்க அது?" என்று கேட்டு வாங்கினார். பதினொன்றுக்கு இடப்பக்கம் சாய்ந்தோம். பதின்மூன்றாவதில் டீச்சரம்மா திணறினார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. வேறு வழியில்லை. என் தலையைத் தட்டிக் காட்டி, "நெற்றி! அகலம்!" என்று உரக்கச் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் யூஃபெமிசம் மட்டுமல்ல, மிச்ச வளைவுகளும் சேர்ந்து வந்துவிட்டன.

எனக்கு எதிர்ப்பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. பெங்களூரில் வேலையாம், சுற்றிப் பார்க்க வந்தவர்கள். நாங்கள் சாய்வதைப் பார்த்தோ என்னவோ, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சரம்மா எழுந்துபோய் தன் எலுமிச்சம்பழத்தை அவள் கையில் வைத்து அழுத்தினார்.

"பயப்படாத கண்ணு. இதுக்கு மோஷன் சிக்னஸ்னு பேரு. அவ்வளவுதான்."

ஏற்காட்டில் அவர் வெறுங்கையோடு இறங்கிப் போனார். பழம் இல்லாமல் அவரை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாலையில் பஸ் கிளம்பும் நேரம் தாண்டியது. டீச்சரம்மாவைக் காணோம். டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டு, தானே இன்ஜினை அணைத்தார். ரைட்டர் ஒரு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிடாமல் மடித்து வைத்தார். நான் நாவலைத் திறந்து வழக்கமான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மேகத்துக்குள்ளிருந்து வந்தார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. ஏறினார், தன் இடத்தில் உட்கார்ந்தார், சேலையைச் சரிசெய்துகொண்டார். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் ரைட்டர்தான் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க டீச்சரம்மா, போன காரியம் எப்படிங்க?"

டிராஜடியா, கேட்டாஸ்ட்ரஃபியா என்று காத்திருந்தோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"மோசமில்லீங்க," என்றார்.

பஸ் இன்னும் கிளம்பவே இல்லை. சமதரையில், அணைந்த இன்ஜினோடு நின்றிருந்தது. ஆனாலும் பதினொன்றாம் வளைவு வந்ததுபோல டிரைவர் உட்பட எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தோம்.